கட்டும் ஒட்டும்

தூண்டில் ஈ என்றால் எம்மவர் பலருக்கு விளங்காது. ஊரில் எமக்குத் தெரிந்த தூண்டிலுக்கு முள்ளு, நரம்பு, இரை மூன்றும் போதும். இரை என்பது இறாலோ கணவாய்த் துண்டோ மண்புழுவோ, எப்படியும் மீன் தின்னக்கூடிய ஒன்று. இங்கே ஆற்றில் மீன் பிடிப்பவர்களில் ஒரு பகுதியினர் இரை போடுவதில்லை. முள்ளின்மேல் இறகையும் விலங்கு மயிரையும் மினுங்கும் இழையையும் நூலால் சுற்றிக் கட்டுகிறார்கள். பூச்சியைப் போலவோ, குஞ்சு மீனைப் போலவோ, சிலவேளை உலகில் எதைப் போலவும் இல்லாமலோ ஒன்றைச் செய்து நீரில் எறிகிறார்கள். அதில் தின்பதற்கு ஒன்றும் கிடையாது. அதற்குப் பெயர்தான் ஈ.

நாம் நோர்வேயில் துரொன்ட்ஹைம் நகரிலுள்ள ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறோம். கோப்பை கழுவலில் தொடங்கி, மரக்கறி வெட்டல், மீன் துப்புரவாக்கல் வரை வந்திருக்கிறோம். நகருக்குத் தெற்கே, சல்மனுக்குப் பேர்போன கௌலா ஆற்றின் பள்ளத்தாக்கு. எமது உணவகத்தில் முன்னர் சமையற்காரராக இருந்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர், பனிக்காலம் முழுவதும் ஈக்களைக் கட்டிக் கோடையில் ஆற்றுக்கு வருபவர்களுக்கு விற்பார். விரல்கள் நடுங்கத் தொடங்கியபோது அவர் எம்மைக் கூப்பிட்டார். நாம் மீனுக்குச் செதில் சுரண்டும் விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாராம். மேலதிக வருமானம் கிடைக்கும் என்று போனோம். வருமானத்தோடு ஒரு கேள்வியும் வந்து சேர்ந்தது. அந்தக் கேள்வி பசையைப் பற்றியது.

ஈயின் தலை என்பது முள்ளின் கண்ணுக்குப் பின்னால் நூல் வந்து முடியும் இடம். அரிசிமணியிலும் சிறியது. இறகு, மயிர், இழை எல்லாவற்றின் நுனியும் அங்கேதான் ஒடுங்கும். நூலை அதன்மேலேயே ஐந்து முதல் ஏழு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே இழுத்து அறுப்பது கடைசிக் கட்டு. அதன்மேல் ஊசிமுனையால் ஒரு துளி பசை வைப்பார்கள். காய்ந்தபின் கறுத்துப் பளபளக்கும் ஒரு பொட்டுத்தான் வெளியே தெரியும். உள்ளே ஏழு சுற்று இருக்கிறதா, இரண்டா, ஒன்றுமே இல்லையா என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரிந்த விடயம்.

இது பழைய தொழில். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன் என்ற ரோமர் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். மசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைச் சேர்த்து மீன் பிடித்தார்களாம். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் பற்றிய நூலொன்று பன்னிரண்டு ஈக்களைச் சொல்கிறது. பட்டு நூலில் மெழுகு தேய்த்துக் கட்டுவது நெடுங்கால வழக்கம். மெழுகு நூலை வழுக்கவிடாமல் பிடிக்கும். மற்றப்படி எல்லாம் கட்டின் பலம்.

இன்று பசைகள் பல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எமது இரசாயனவியல் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. கிழவரின் மேசையிலிருந்த குப்பிகளைக் கண்டபோது, பாதியில் விட்டு வந்த வகுப்புக்குள் திரும்பவும் நுழைந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு பசையும் இறுகுவதற்கு ஒவ்வொரு காரணம்.

முதலாவது வார்னிஷ் இனம். செலுலோசு நைத்திரேற்றுக் கரைசல் இதில் ஒரு வகை. கரைப்பான் ஆவியாகிப் போக, எஞ்சுவது படலமாகும். ஊரில் நாம் கியூற்றெக்ஸ் என்று சொல்லும் நகப்பூச்சும் இதே இனந்தான். ஈ கட்டுபவர்கள் பலர் அதையே பாவிக்கிறார்கள். நீர்த்ததாக இருந்தால் நூலுக்குள் ஊறும். தடித்ததாக இருந்தால் மேலே நின்று மினுங்கும். ஆகவே முதற்பூச்சு நீர்த்தது, அது காய்ந்தபின் இரண்டாம் பூச்சுச் சற்றுத் தடித்தது. குப்பியைத் திறந்து மூடத் திறந்து மூட உள்ளே இருப்பது தடித்துக்கொண்டு வரும். அப்போது கரைப்பான் விட்டு இளக்கவேண்டும். அந்தச் சின்ன வேலைக்குப் பஞ்சிப்படுபவரின் ஈக்கள் மேலே மட்டும் பளபளக்கும். இதன் ஆவி தலையை இடிக்கும். கிழவர் மார்கழிக் குளிரிலும் யன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.

இரண்டாவது எபொக்சி. இரண்டு குழாய்களில் வருவதைச் சம அளவில் கலந்தால் ஐந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும். இறுகும்வரை ஈயைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். பலமானது. வெயில் படப்பட மஞ்சளாகும். கலவை பிழைத்தால் எத்தனை நாள் வைத்திருந்தாலும் பிசுபிசுப்புப் போகாது.

மூன்றாவது கழியூதா ஒளியில் இறுகும் பிசின். சின்ன விளக்கைப் பிடித்தால் சில வினாடிகளில் கல்லாகிவிடும். ஆனால் ஒளி போகாத இடத்தில் அது இறுகாது. தடிப்பாகப் பூசினால் மேலே ஓடு, உள்ளே ஈரம். அதனால் மெல்லிய பூச்சாகப் பூசி ஒவ்வொன்றுக்கும் விளக்குப் பிடிக்கவேண்டும். இறுகாத பிசின் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தவர்களும் இருக்கிறார்கள். கையுறை நல்லது.

நாலாவது சுப்பர் குளூ, சயனோஅக்கிறிலேற்று. 1942இல் அமெரிக்காவில் ஹரி கூவர் என்ற இரசாயனவியலாளர் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடினார். அப்போது அகப்பட்ட பொருள் இது. தொட்ட எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் மறுபடி கண்ணில்பட்டு, 1958இல் பசையாக விற்பனைக்கு வந்தது. பின்னர் வியட்நாம் யுத்தத்தில் காயங்களின்மேல் தெளித்து இரத்தத்தை நிறுத்தப் பாவித்தார்கள். துப்பாக்கிக்கு என்று தேடியபோது கிடைத்த பொருள் துப்பாக்கி செய்த காயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இதை இறுக வைப்பது ஈரம். காற்றிலும் பொருளின் மேற்பரப்பிலும் உள்ள ஈரமே போதும். அவ்வளவு வேகம். ஆனால் இறுகியபின் நொறுங்கும் குணமுடையது. அதன் ஆவி பட்டால் இறகில் வெள்ளை பூக்கும். ஒரு துளி கூடினால் இறகின் இழைகளுக்குள் ஓடி, நீரில் அசையவேண்டிய இறகைத் தடியாக்கிவிடும்.

எந்தப் பசை திறம் என்று கேட்டால் கிழவர் பதில் சொல்லமாட்டார். “முதலில் கட்டு. பிறகு கேள்” என்பார்.

2016ஆம் ஆண்டு மே மாதம் உணவகத்தில் இருவர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களுடைய வேலையும் எமது தலையில். சல்மன் பருவம் யூன் முதலாம் திகதி தொடங்கிவிடும். அறுபது ஈக்கள் கொடுக்க வேண்டியிருந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு அறைக்கு வந்து, எரியும் கண்ணோடு கட்டினோம். முதற் பத்தை ஒழுங்காகவே கட்டினோம். பிறகு ஏழு சுற்று நாலாகியது, நாலு இரண்டாகியது. கடைசி முப்பதுக்கு முடிச்சே போடவில்லை. நூலை இழுத்துப் பிடித்து ஒரு துளி சுப்பர் குளூ வைத்து, பத்து வினாடி பொறுத்து அறுத்தோம். மேலே கறுப்பு வார்னிஷ். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எமக்கே வித்தியாசம் தெரியவில்லை. கிழவரும் கண்டுபிடிக்கவில்லை. காசு தந்தார்.

யூன் நடுவில் ஒரு தகரப் பெட்டி திரும்பி வந்தது. பின்னெறியும்போது கல்லில் தட்டிய இடத்தில் பசை வெடித்து, நூல் அவிழ்ந்து, இறகுகள் ஆற்றோடு போயிருந்தன. வெறும் முள்ளுகள். கிழவர் அவிழாத ஒன்றை எடுத்துச் சவர அலகால் தலையைப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். எம்மிடம் நீட்டினார். பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“இதைச் செய்யும்போது உனக்குத் தெரிந்துதானே செய்தாய்?” என்று கேட்டார்.

ஓம் என்றோம்.

“பசை கட்டைப் பாதுகாக்கும். கட்டைச் செய்யாது.” அதற்குமேல் அதைப்பற்றி அவர் கதைக்கவில்லை.

ஆனால் இன்னொன்று செய்தார். திரும்பி வந்தவற்றில் நாலைந்தின் கண்ணைப் பசை அடைத்திருந்தது. அதில் ஒன்றையும் ஒரு முழம் நைலோன் நரம்பையும் கையில் தந்து, வெளியே மழைக்குள் போய்க் கோர்த்துக்கொண்டு வரச் சொன்னார். யூன் மாதமென்றாலும் இங்கு மழை எலும்பைத் தொடும். கால்மணி நேரம் நின்றோம். விரல் விறைத்ததுதான் மிச்சம். ஒருவர் வருடமெல்லாம் காத்திருந்து, விடுமுறை எடுத்து, அனுமதிச் சீட்டுக்குக் காசு கட்டி, நள்ளிரவு வெளிச்சத்தில் ஆற்றுக்குள் இடுப்பளவு நீரில் நிற்கிறார். மீன் கண்முன்னால் துள்ளுகிறது. அவர் கையில் கண் அடைத்த ஈ. அதை அடைத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அந்த மனிதரை நாமும் ஒருநாளும் காணப்போவதில்லை. இதைத் தவிர்ப்பதற்கு வேண்டியதெல்லாம், பசை காயமுன் ஒரு சிறு இறகின் தண்டைக் கண்ணுக்குள்ளால் இழுத்து எடுப்பது. இரண்டு வினாடி வேலை.

காசைத் திருப்பிக் கொடுத்தோம். அறுபதையும் மறுபடி கட்டிக் கொடுத்தோம். ஆனால் கிழவர் கேட்டது மனதில் நின்றுவிட்டது. அதே கேள்வியை அதற்கு ஐந்து வருடத்துக்கு முன் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

தமிழில் கட்டு வேறு, ஒட்டு வேறு. சின்ன வயதில் நாம் பட்டம் கட்டினோம். பட்டம் ஒட்டினோம் என்று யாரும் சொல்வதில்லை. மூங்கில் ஈர்க்கை நூலால் வரிந்து கட்டுவதுதான் வேலை. கடதாசிக்கு மாத்திரம் கோதுமை மாப் பசை, அதுவும் இல்லாவிட்டால் சோற்றுப் பருக்கை. வீட்டைக் கட்டுகிறோம், பாட்டைக் கட்டுகிறோம், தாலியைக் கட்டுகிறோம். வேடிக்கை என்னவென்றால் பொய்க்கும் அதே சொல்தான்: கட்டுக்கதை. எமது பொய்யையோ நாம் கட்டவுமில்லை. ஒட்டினோம்.

2009இன் தொடக்கத்தில், படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சந்தியில் எம்மைப் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு இரவுகள் வைத்திருந்தார்கள். அந்த இரவுகளைப் பற்றி இங்கு எழுதவில்லை. 2010இல் நாட்டைவிட்டு வெளிக்கிட்டோம். 2011இல் இங்கு அகதி விசாரணை. முகாமில் எமக்கு மூத்த அண்ணை ஒருவர் கேஸ் எழுதுவதில் கெட்டிக்காரர். எமது கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தம்பி, ரெண்டு இரவு காணாது. மூண்டு மாதம் எண்டு சொல்லு. நெடுக உப்பிடித்தான் எல்லாரும் சொல்லுறவை.”

எமக்கும் இரண்டு இரவு சின்னதாகத்தான் தெரிந்தது. பக்கத்து அறைகளில் இருந்தவர்களுக்கு நடந்தவற்றோடு ஒப்பிட்டால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒட்டினோம். முதல் விசாரணையில் அது பளபளப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை அந்த அதிகாரி மெல்லிய குரலில் கேட்டார். மூன்று மாதமும் எங்கே குளித்தீர்கள்? யார் சாப்பாடு கொண்டுவந்தது? யன்னலால் என்ன தெரிந்தது? இரண்டு இரவைப் பற்றிக் கேட்டிருந்தால் சுவரின் வெடிப்பைக்கூடச் சொல்லியிருப்போம். மூன்று மாதத்தில் ஒன்றுமில்லை. தட்டியதும் வெடித்தது. மறுப்புக் கடிதத்தில் எமது கதை நம்பத்தகுந்ததல்ல என்று எழுதியிருந்தார்கள். கதை முழுவதும் என்றுதான் பொருள். ஒட்டிய பொய்யோடு உண்மையான இரண்டு இரவுகளும் போய்விட்டன.

எமது இழப்பு எமது கைவேலை. அதை நாம் தாங்கலாம். தாங்கமுடியாதது வேறு. பக்கத்து அறையில் ஒரு பெடியன் இருந்தான். அவனை வைத்திருந்தது மெய்யாகவே மூன்று மாதம். அவனுடைய முதுகை நாம் பார்த்திருக்கிறோம். அவன் அதிகம் பேசமாட்டான். விசாரணையில் நாட்களைக் குழப்பினான். அவனுக்கும் மறுப்பு வந்தது. ஒருநாள் காலையில் கட்டில் வெறுமையாக இருந்தது. வேறு நாட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். எமது பொய்யால்தான் அவனுடைய உண்மை நம்பப்படவில்லை என்று எவராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதே மேசைக்கு அந்த வருடம் எத்தனை மூன்று மாதங்கள் போயிருக்கும்? அவற்றில் ஒன்று எம்முடையது. கண்ணில் பசை அடைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். மழைக்குள் நின்று கோர்க்க முயன்றவன் அவன்.

இதை எம்மோடு வேலை செய்யும் ஒரு தம்பிக்குச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது.

“தாழுறவன் கயிறைப் பாப்பானோ, பசையைப் பாப்பானோ அண்ணை? உயிர் தப்பச் சொன்ன பொய்யைப் போய் முடிச்சு, பசை எண்டு கணக்குப் பாக்கிறியள். ரெண்டு இரவு காணாது எண்டு அவங்களை நினைக்க வைச்சது ஆர்? நாங்களோ?”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காயத்தின் நீளத்தை அளந்து கதவு திறக்கும் இடத்தில், காயத்தை நீட்டிக் காட்டுபவனை மட்டும் குற்றவாளியாக்குவது சுலபமான ஒழுக்கம். அதை நாம் செய்ய விரும்பவில்லை. பேசமுடியாதவர்கள் இருக்கிறார்கள். நடந்ததைச் சொன்னால் வீட்டில் மிஞ்சியிருப்பவர்களுக்கு ஆபத்து என்று மறைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பொய்யை எமது பொய்யோடு ஒரே தராசில் வைக்கமுடியாது.

அவர் இன்னொன்றும் கேட்டார். ஈயே ஒரு பொய்தானே? அதைக் கட்டுவதில் என்ன நேர்மை வேண்டிக்கிடக்கிறது?

இதற்கு எம்மிடம் முழுப் பதில் இல்லை. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிய சல்மன் முட்டையிடும்வரை பெரும்பாலும் உண்பதில்லை. பசியில்லாத மீனை உணவில்லாத இரையால் பிடிக்கிறார்கள். பிடித்ததைத் திரும்ப விடுபவர்களும் உண்டு. சுவிற்சலாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், திரும்ப விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே தடுத்துவிட்டன. நோர்வேயில் 2024 யூன் மாதம், சல்மன் வரத்து மிகக் குறைந்துபோனதால் 33 ஆறுகளில் பருவத்தின் நடுவிலேயே மீன்பிடியை நிறுத்தினார்கள். கௌலாவும் அதில் ஒன்று. அந்தக் கோடையில் கட்டிவைத்த ஈக்களைப் பெட்டியில் பார்த்துக்கொண்டு இருந்தபோது, மீனுக்கும் நாம் கணக்குச் சொல்லவேண்டியவர்கள் என்ற நினைவு வந்தது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் ஈ யாருக்குப் பொய் என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மீனுக்கு அது பொய். வாங்கும் மனிதனுக்கு அது ஒரு வாக்கு: உள்ளே ஏழு சுற்று இருக்கிறது என்ற வாக்கு. அவன் தலையைப் பிளந்து பார்க்கமாட்டான். பிளந்தால் ஈ உதவாது. நம்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழி கிடையாது. வேறு வழியில்லாமல் எம்மை நம்புகிறவனிடம் குறையை மூடி விற்பதுதான், எமக்குத் தெரிந்தவரையில், பிழை தொடங்கும் இடம். விசாரணை மேசைக்கு மறுபக்கம் இருந்த அதிகாரிக்கு நம்பாமல் விடும் வழி இருந்தது. அவர் அதைப் பாவித்தார். அடுத்ததாக அந்தக் கதிரையில் வந்து இருந்தவனுக்குத்தான் வழி இருக்கவில்லை.

மேன்முறையீட்டில் மூன்று மாதம் பொய் என்று ஒப்புக்கொண்டோம். இரண்டு இரவுகளையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னோம். விளக்கு எங்கே இருந்தது, யார் தண்ணீர் தந்தது, எந்தக் கோவிலின் மணி கேட்டது. 2014இல் வதிவிட அனுமதி கிடைத்தது. உண்மை சொன்னதால் கிடைத்தது என்று நாம் சொல்லவரவில்லை. உண்மை சொல்லியும் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நாம் அறிவோம்.

இப்போது எப்போதாவது புதிதாக வந்த ஒருவர் கேஸ் எழுத உதவி கேட்டு வருவார். ஒன்றும் சேர்க்கச் சொல்வதில்லை. சின்னதென்று நினைத்து விட்டவற்றைச் சொல்லும்படி கேட்கிறோம். நாளையும் நேரத்தையும் ஒவ்வொன்றாக அடுக்குகிறோம். முடிய இரண்டு மூன்று இரவு பிடிக்கும். சிலர் பொறுமையில்லாமல் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள். குறை சொல்வதற்கில்லை.

கிழவர் இப்போது கட்டுவதில்லை. அவருடைய வைஸ், நூல், குப்பிகள் எமது அறையில் இருக்கின்றன. வேலை முடிந்து வந்து குளித்து, கையிலுள்ள வெங்காய மணம் போகுமட்டும் கழுவிவிட்டு இருக்கிறோம். இரவுக்கு நாலு ஈ. அதற்குமேல் கட்டுவதில்லை. ஏழு சுற்று, எண்ணிக்கொண்டு. பிறகு யன்னலைத் திறந்து, வார்னிஷ் குப்பியில் ஊசியை விட்டு, ஒரு துளி. அது நூலுக்குள் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஊறியதும் சின்ன இறகொன்றை எடுத்து முள்ளின் கண்ணுக்குள்ளால் இழுத்துவிட்டு, விளக்குக்கு நேரே பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்கிறோம்.